ஐம்பது நாள் காற்று

கம்சீன் என்றால் அரபு மொழியில் ஐம்பது. மார்ச் முதல் மே வரை எகிப்தின் தெற்கு, தென்மேற்குப் பாலைவனங்களில் எழுந்து, வெக்கையையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு நைல் பள்ளத்தாக்கின்மேல் வந்து இறங்கும் காற்றுக்கு இந்த எண்ணே பெயர். கெய்ரோ மக்கள் பேச்சில் அதைக் ‘கமாசீன்’ என்று பன்மையாக்கிச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஒரு காற்றுக்கு அதன் சூட்டையோ திசையையோ சொல்லாமல் நாள் கணக்கைப் பெயராக வைத்தது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். காற்று வந்தால் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ போய்விடுகிறது. இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஐம்பது நாள். பெயர் அந்தக் காத்திருப்புக்கு வைத்தது.

பழந்தமிழில் கோடை என்ற சொல் மேல்காற்றையும் குறித்தது, அது வீசும் பருவத்தையும் குறித்தது. கம்சீனும் அப்படித்தான்: பருவத்தின் பெயர் காற்றின்மேல் ஏறிக்கொண்டது. இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேன் எழுதிவைத்திருக்கிறார். எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1836-ல் வெளிவந்தது. காப்டிக் கிறித்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறுக்கு மறுநாள் தொடங்கி, பெந்தெகொஸ்தே திருநாளில் கமாசீன் முடியும் என்பது அக்கால வழக்கு. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது நாள். எகிப்தில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஆனாலும் விதைப்பும் அறுப்பும் வெள்ளமும் காற்றும் காப்டிக் நாள்காட்டியையே ஒட்டி நடந்தன. சந்திரனைப் பின்பற்றும் இஸ்லாமிய ஆண்டு பருவங்களைக் கடந்து நகர்ந்துகொண்டே இருப்பதால், உழவர்களுக்குச் சூரியக் கணக்கு ஒன்று தேவைப்பட்டது.

ஈஸ்டருக்கு மறுநாளான அந்தத் திங்கட்கிழமைக்கு ‘ஷாம் எல் நசீம்’ என்று பெயர். தென்றலை முகர்தல் என்று தமிழில் சொல்லலாம். அன்று எல்லா மதத்தவரும் குடும்பத்தோடு பூங்காக்களுக்கும் நைல் கரைக்கும் போய்ப் புல்தரையில் துணி விரித்து உட்கார்வார்கள். சாயம் தோய்த்த முட்டை, வெங்காயத்தாள், பெசீக் எனப்படும் உப்பிட்டு ஊறவைத்த மடவை மீன் ஆகியவை அந்த நாளின் சாப்பாடு. பெசீக்கின் வாடை தெரு முனைக்கே வந்துவிடும். கருவாடு பழகிய மூக்குகூட முதலில் சற்றுத் தயங்கும். தென்றலைக் கொண்டாடும் அந்த ஒரு நாளிலிருந்தே புழுதிக் காற்றின் கணக்கும் தொடங்குகிறது. நல்ல காற்று கிடைக்கும்போதே முகர்ந்து வைத்துக்கொள்வது எகிப்தியர்களின் பழக்கம்.

ஆனால் நாள்காட்டி சொல்லும் ஐம்பதும் வானிலை காட்டும் ஐம்பதும் பொருந்துவதில்லை. காப்டிக் ஈஸ்டர் ஏப்ரல் தொடக்கத்திலும் வரும், மே முதல் வாரத்திலும் வரும். காற்றோ பல ஆண்டுகளில் மார்ச்சிலேயே வந்துவிடும். பிப்ரவரிக் கடைசியில் முதல் வீச்சு வருவதும் உண்டு.

காற்று பிறக்கும் இடத்தைப் பார்க்க நைலை விட்டு மேற்கே போக வேண்டும். எகிப்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேற்குப் பாலைவனம். கெய்ரோவிலிருந்து கிளம்பும் சாலை பஹாரியா, ஃபராஃப்ரா, தாக்லா, கார்கா என்ற பாலைவனச் சோலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, பெரிய அரைவட்டம் போட்டு, மறுபடி நைலுக்குத் திரும்புகிறது. ஃபராஃப்ராவுக்கு வடக்கே வெள்ளைப் பாலைவனம் இருக்கிறது. சுண்ணப்பாறைகள் அங்கே குடைக்காளான்போல நிற்கின்றன. மேலே அகன்ற தலை, கீழே மெலிந்த கழுத்து. பார்க்க வருகிறவர்கள் அந்த உருவத்தை வியந்து படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கழுத்து ஏன் மெலிந்தது என்று கேட்டால், பாலைவனக் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு இந்தப் பாலைவனத்தின் குறுக்கே போனவர். அதுவரை ஒட்டகம்கூடத் தயங்கிய பெரும் மணற்கடலில் டயரின் காற்றைக் குறைத்து வண்டியை ஏற்றினார். பிறகு லண்டன் திரும்பி, காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டி, மணலை அதில் ஓடவிட்டுப் பார்த்தார். அவர் எழுதிய ‘காற்றில் நகரும் மணல், பாலைவனக் குன்றுகள் இவற்றின் இயற்பியல்’ என்ற நூல் 1941-ல் வந்தது. அந்தத் துறையில் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர் கண்டது இது. மணல் பறப்பதில்லை, குதிக்கிறது. காற்று ஒரு பருக்கையைத் தூக்கி முன்னே எறிகிறது. அது விழுந்த இடத்தில் வேறு சில பருக்கைகளைத் தட்டி எழுப்புகிறது. அவை குதித்து இன்னும் சிலவற்றை எழுப்புகின்றன. சூடான வாணலியில் கடுகு வெடித்துத் துள்ளுவது போன்ற காட்சி. குன்றுகளின் மணல் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தக் கனத்துக்கு அது இடுப்பு உயரத்துக்குமேல் எழுவது குறைவு; கூழாங்கல் தரையில் மோதினால் ஆள் உயரம் வரை போகும், அதற்கு மேல் அரிது. உண்மையான மணற்காற்று அடிக்கும்போது தரையை ஒட்டி ஒரு கம்பளம் ஓடுவதுபோல் இருக்கும். அதற்கு மேலே காற்று தெளிவாகவே இருக்கும். நிற்கிறவருடைய முழங்கால் எரியும், தலைக்குமேல் வெயில் பளிச்சென்று அடிக்கும். வெள்ளைப் பாலைவனத்துப் பாறைகளின் கழுத்து மெலிந்ததற்குக் காரணம் இந்தக் குதிக்கும் மணல். தரையருகேதான் அது அறுக்கிறது.

புழுதியின் கதை வேறு. ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களைத் தாங்கிப் பிடிக்கக் காற்றின் சுழற்சியே போதும். ஒருமுறை எழுந்துவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து, கடல் தாண்டிக்கூடப் போகும். அப்படிப் பார்த்தால் கெய்ரோவை மஞ்சளாக்கும் கம்சீனை மணற்புயல் என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. நகரத்துக்குள் வந்து சேர்வதில் பெரும்பகுதி புழுதி. மணல் பாதி வழியில் தங்கிவிடுகிறது. நுரையீரலுக்கு மணலைவிடப் புழுதியே ஆபத்தானது என்பதால், பெயர் விஷயத்தில் இந்தத் திருத்தம் முக்கியமானது.

இந்த இயற்பியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கதை ஒன்றைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. கி.மு. 525-ல் எகிப்தைப் பிடித்த பாரசீக மன்னர் கம்பைசஸ், சீவா சோலையில் இருந்த அம்மோன் கோயிலைத் தாக்க 50,000 வீரர்களை அனுப்பினார் என்றும், அவர்கள் பாதி வழியில் உணவுக்கு உட்கார்ந்தபோது தெற்கிலிருந்து பெருங்காற்று எழுந்து அத்தனை பேரையும் மணலில் புதைத்தது என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அந்தப் படையைத் தேடிப் போனவர்களுக்குக் குறைவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத தடயம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. முழங்காலுக்குக் குதிக்கும் மணல் ஒரே வேளையில் ஒரு படையைப் புதைக்காது. ஆனால் புழுதி பாதையை மறைக்கும்; அனல் தண்ணீர்த் தோற்பையை வற்றச் செய்யும்; வழி தப்பியவர்கள் இரண்டு மூன்று நாளில் தாகத்தால் சாவார்கள். அதற்குப் பிறகு உடல்களை மூட மணலுக்கு எத்தனையோ ஆண்டுகள் உண்டு. கதையில் காற்றின்மேல் ஏற்றிய பழி பெரும்பாலும் தாகத்துக்கு உரியது.

கார்காவில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அங்கே பிறை வடிவக் குன்றுகள் ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்ந்து, சாலையையும் தந்திக் கம்பங்களையும் வயல்களையும் விழுங்கியிருக்கின்றன. அவை நகர்வது தெற்கு நோக்கி. அவற்றைத் தள்ளுவது கம்சீன் அல்ல, ஆண்டு முழுதும் வீசும் வடகாற்று. எகிப்தின் இயல்பான காற்று வடக்கிலிருந்து வருவது. நாட்டின் பழைய ஏற்பாடுகள் எல்லாம் அதை நம்பியவை. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. அதனால் படகுக்காரர்கள் பாய் விரித்தால் தெற்கே போகலாம், பாயைச் சுருட்டினால் ஆறே வடக்கே கொண்டுவந்து விடும். பண்டை எகிப்திய எழுத்தில் தெற்கே செல்வதைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்வதைக் குறிக்கப் பாயில்லாத படகையும் வரைந்தார்கள். கெய்ரோவின் பழைய மாளிகைகளில் மொட்டைமாடியின்மேல் ‘மல்கஃப்’ என்ற காற்றுப்பிடிப்பான் இருக்கும். சாய்ந்த கூரையோடு வடக்கே வாய் திறந்த ஒரு கூண்டு, குளிர்ந்த காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கும். கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி இதைப் போற்றி எழுதி, நவீன வீடுகளுக்கும் அது வேண்டும் என்று வாதாடினார். கம்சீன் இந்த ஏற்பாடு அனைத்துக்கும் முதுகுப்புறத்திலிருந்து வருகிறது.

திசை தலைகீழாவதற்குக் காரணம் கடலோரத்தில் இருக்கிறது. வசந்தத்தில் சகாரா வேகமாகச் சூடேறுகிறது. மத்தியதரைக் கடல் இன்னும் குளிர்காலத்துக் குளிர்ச்சியோடு இருக்கிறது. இந்த வெப்ப வேறுபாட்டின் பலத்தில், அட்லஸ் மலைகளுக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாகி, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிக் கிழக்கே ஓடுகின்றன. வடகோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே மண்டலம் நெருங்கும்போது அதன் முன்பக்கத்தில் இருக்கும் எகிப்துக்குத் தெற்கிலிருந்து காற்று இழுக்கப்படுகிறது. அது சகாராவின் உட்பகுதியிலிருந்து வருவதால் ஈரமில்லை. மண்டலம் கடந்ததும் பின்பக்கத்தின் வடமேற்குக் காற்று கடலிலிருந்து பாய்கிறது. வரும்போது அனலும் போகும்போது குளிரும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கெய்ரோவில் அந்த நாள் விடிவது அமைதியாக இருக்கும். காற்று தென்கிழக்கிலிருந்து லேசாக வீசும். வானத்தின் அடியில் பழுப்பு நிறம் தேங்கும். முற்பகலில் மொகட்டம் மலையின் விளிம்பு மங்கி மறையும். பிறகு நகரம் முழுவதும் மஞ்சளாகி, அங்கிருந்து செம்மஞ்சளுக்கு மாறும். சூரியன் தேய்ந்த நாணயம்போல் வெளுத்து, கண் கூசாமல் பார்க்கும்படி இருக்கும். 28 டிகிரி இருக்க வேண்டிய ஏப்ரல் பகலில் வெப்பம் 40-ஐத் தாண்டும். காற்றின் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். உதடு வெடிக்கும். உரசும் துகள்களில் மின்னேற்றம் ஏறுவதால் கார்க் கதவைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். வீடுகளில் சன்னல் மரச்சட்டங்களை இறக்கி, இடுக்குகளில் ஈரத்துணி செருகுவார்கள். என்ன செய்தாலும் மேசைமேல் மாவு சலித்ததுபோல் ஒரு படலம் படியும். ரொட்டியைக் கடித்தால் பல்லில் நறநறக்கும். மருத்துவமனைகளில் ஆஸ்துமாக்காரர்கள் கூடுவார்கள். விமானங்கள் திருப்பிவிடப்படும், செங்கடல் துறைமுகங்களை மூடுவார்கள். வயல்களில் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது: டெல்டாவில் மாவும் ஆரஞ்சும் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் மாதங்கள் இவை. ஒரு பகல் அனலில் பூ கருகிக் கொட்டும். அந்த இழப்பு கோடையில் சந்தையின் விலையில் வந்து நிற்கும்.

மணலோடு எகிப்தின் போராட்டம் பழையது. கிசாவில் ஸ்பிங்ஸ் சிலையின் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கல்வெட்டு நிற்கிறது. ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் மன்னன் நான்காம் துத்மோஸ் நிறுவியது. இளவரசனாக அவன் சிலையின் நிழலில் தூங்கியபோது தெய்வம் கனவில் வந்து, தன்னை மூடியிருக்கும் மணலை நீக்கினால் அரியணை தருவதாகச் சொன்னது என்பது அதன் செய்தி. மணல் நீக்கப்பட்டது, மறுபடி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியங்களில் ஸ்பிங்ஸ் தோள்வரை புதைந்து கிடக்கிறது. முழு உடலும் வெளியே வந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில்தான்.

வெளியிலிருந்து வந்த படைகள் இந்தக் காற்றை எதிர்பார்க்காமல் வந்தன. 1798-ல் நெப்போலியனுடன் இறங்கிய பிரெஞ்சுச் சிப்பாய்கள் கம்பளிச் சீருடையோடு அடுத்த வசந்தத்தைச் சந்தித்தார்கள். அவர்களில் ஏராளமானோருக்குக் கண்நோய் வந்தது. புழுதியே காரணம் என்று அப்போது நம்பினார்கள், உண்மையில் அது தொற்று. இரண்டாம் உலகப் போரில் லிபிய, எகிப்திய முனைகளில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூக்கின்கீழ்ப் பெரிய புழுதி வடிகட்டி மாட்டினார்கள். விமானத்தின் வேகம் குறைந்தது. மாட்டாவிட்டால் எஞ்சினே தேய்ந்துபோகும்.

2021 மார்ச் 23 காலை சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ சரக்குக் கப்பல் குறுக்கே திரும்பிக் கரையில் செருகிக்கொண்டபோது, பலத்த காற்றும் புழுதிப்புயலும் என்பதே முதலில் சொல்லப்பட்ட காரணம். பின்னர் மனிதத் தவறோ இயந்திரக் கோளாறோ கூட இருக்கலாம் என்று கால்வாய் நிர்வாகம் தெரிவித்தது. கப்பலில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். மேல்தளத்தில் கொள்கலன்களை அடுக்கிய அந்தக் கப்பல் காற்றுக்கு மிதக்கும் மதில்போல நின்றிருக்கும். ஆறு நாள் உலக வணிகத்தின் ஒரு பாதை அடைபட்டது. அது கம்சீன் பருவம்.

கம்சீன் என்ற சொல் எகிப்தோடு நிற்கவில்லை. பாலஸ்தீனம், லெபனான், சிரியா வரை அதே பெயர் வழங்குகிறது. எபிரேயத்தில் அதற்கு ‘ஷராவ்’ என்ற பழைய விவிலியச் சொல் உண்டு. மேற்கே லிபியாவில் அதே காற்று ‘கிப்லி’. தொழுகைத் திசையான கிப்லாவிலிருந்து வந்த சொல். கிப்லி அடித்த நாளொன்றில், 1922 செப்டம்பர் 13 அன்று, திரிப்போலிக்குத் தெற்கே அல் அஜீஜியாவில் 58 டிகிரி பதிவானதாகக் கணக்கு. தொண்ணூறு ஆண்டுகள் உலக உச்சமாக எல்லாப் புத்தகங்களிலும் இருந்த அந்த எண்ணை, பதிவு செய்தவரின் பிழை என்று உலக வானிலை அமைப்பு 2012-ல் நீக்கியது. சொல் மட்டும் வேறு வழியில் தொடர்ந்து பயணம் செய்தது. இத்தாலியர் தங்கள் ராணுவ விமானம் ஒன்றுக்குக் ‘கிப்லி’ என்று பெயரிட்டார்கள். விமானப் பைத்தியமான ஜப்பானிய அசைபட இயக்குநர் ஹயாவோ மியாசாகி அந்தப் பெயரை எடுத்து 1985-ல் தொடங்கிய தம் அசைபடக் கூடத்துக்கு வைத்தார். ஜப்பானியர் அதை ‘ஜிபுரி’ என்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கோடிக்கணக்கான குழந்தைகளின் வாயில் லிபியப் பாலைவனத்தின் புழுதிக் காற்று இருக்கிறது.

கடல் தாண்டிய காற்று சிசிலியில் ‘சிரோக்கோ’ ஆகிறது. வழியில் ஈரம் குடித்துப் புழுக்கமாக மாறி, சில நேரம் செந்நிற மழையாகப் பெய்கிறது. 2024 ஏப்ரலில் ஏதென்ஸ் நகரம் செம்மஞ்சள் வானத்தின்கீழ் மூழ்கியது சகாராவின் புழுதியால்.

‘சமூம்’ வேறொரு பாலைவனக் காற்று. அந்தச் சொல்லுக்கு விஷம் என்ற வேர். திருக்குர்ஆனில் ஜின்கள் படைக்கப்பட்ட நெருப்போடு சேர்த்து வரும் சொல் அது. கம்சீன் ஒரு நாளையோ இரண்டு நாளையோ பிடித்துக்கொண்டால், சமூம் சில நிமிடங்களில் அடித்து ஓய்ந்துவிடும் குறுகிய அனல் வீச்சு. பிரெஞ்சு விமான நிறுவனம் ஒன்று 1930களில் தன் விமானம் ஒன்றுக்கு அதே சொல்லைச் ‘சிமூன்’ என்று பெயராக வைத்தது. எழுத்தாளரும் விமானியுமான செந்த் எக்சுபெரி 1935 டிசம்பர் 30 அன்று பாரிஸ் – சைகோன் பந்தயத்தில் ஓட்டிவந்து எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் மோதியது அந்த ரக விமானமே. அவரும் அவருடைய மெக்கானிக்கும் நாக்கு வறண்டு நடந்து திரிந்து, கடைசியில் ஒரு பெதுயின் அரபியரின் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள்.

‘ஹபூப்’ வேறு இனம். சூடானில் கார்த்தூமைச் சுற்றி, கோடையின் இடிமேகங்கள் சரியும்போது கீழே பாயும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவி, முன்னே ஒரு புழுதிச் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயிரம் மீட்டருக்குமேல் உயரம். பார்க்கும்போதே ஊரை மூடிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே நிகழ்வு உண்டு. 1972 முதல் அங்குள்ள வானிலை ஆய்வாளர்கள் ஹபூப் என்றே எழுதுகிறார்கள். 2011 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரை மாபெரும் சுவர் ஒன்று மூடியபோது, தொலைக்காட்சி அரபுச் சொல்லைப் பயன்படுத்தியதைச் சிலர் எதிர்த்தார்கள். அந்தக் காற்றைக் கூர்ந்து பார்த்து வகைபிரித்தவர்கள் சூடான் மக்கள். சொல்லும் அவர்களிடமிருந்து வருவதே நியாயம்.

வளைகுடாவில் காற்று மறுபடி திசை மாறுகிறது. ‘ஷமால்’ என்றால் வடக்கு. ஈராக் சமவெளியின் வண்டலைக் கிளப்பிக்கொண்டு ஜூன், ஜூலையில் குவைத், பஹ்ரைன், கத்தார் வழியே இறங்கும் வடமேற்குக் காற்று இது. தமிழர்கள் உடம்பால் அறிந்த பாலைவனக் காற்று என்றால் இதுதான். சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வேலை செய்த நாள்களை ஊருக்கு வந்து சொல்வார்கள். அவர்கள் வாயில் அது ‘புழுதிக் காத்து’. வளைகுடாத் தமிழர்களின் வாழ்க்கையில் இத்தனை இடம் பிடித்த ஒன்றுக்குத் தமிழில் ஒரு தனிச்சொல் இன்னும் அமையவில்லை என்பது வருத்தம்.

எகிப்தில் கம்சீன் முடிவது திடீரென்றுதான். மாலையிலோ நள்ளிரவிலோ தாழ்வு மண்டலம் சினாயைக் கடந்துவிடும். காற்று ஒரு கணம் நின்று, வடமேற்கிலிருந்து திரும்பும்; சில மணி நேரத்தில் பதினைந்து டிகிரி வரை குறையும். சிலசமயம் பத்துப் பன்னிரண்டு துளி மழை விழும்; காரின்மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் சேற்றுப் பொட்டாகக் காயும். மறுநாள் காலை மாடிகளிலிருந்து கம்பளங்களைத் தொங்கவிட்டு அடிக்கும் ஓசை தெருவெல்லாம் கேட்கும். வாயிற்காப்போர் வாளியும் துணியுமாக வண்டிகளைத் துடைப்பார்கள்.

பெந்தெகொஸ்தே போனதும் பருவத்தின் கணக்கு முடியும். பழைய நாள்காட்டியில் அடுத்த குறி ஜூன் நடுவில் வரும் ‘துளி இரவு’: அன்று வானத்திலிருந்து ஒரு துளி நைலில் விழ, வெள்ளம் ஏறத் தொடங்கும் என்பது நம்பிக்கை. 1970-ல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் எகிப்தில் வெள்ளம் ஏறுவதில்லை. ஜூனில் வடகாற்று நிலைகொள்கிறது. பழைய கெய்ரோவில் மிஞ்சியிருக்கும் சில மல்கஃப்களின் வாயில் அது மறுபடி இறங்குகிறது.